'முடிந்தது' என்று யார் எழுதுவது?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும் மகள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல். பேரக்குழந்தையைப் பார்க்க ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் போன இடத்தில், அந்த வட்டாரத்து மனநலச் சேவைகள் குறித்து நடந்த தனி விசாரணையின் அறிக்கைகளை எனக்காகத் தேடி அனுப்பியதற்கு நன்றி. மனநலச் சிகிச்சைக்காகத் தம்பியை அழைத்துக்கொண்டு 22 ஆண்டுகளாக மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருக்கும் எனக்கு அவற்றை அயலூர்ச் செய்தி என்று ஒதுக்க மனம் வரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்தேன்.

டண்டீ, ஆங்கஸ், பெர்த்-கின்ராஸ் ஆகிய பகுதிகள் அடங்கிய டேசைட் வட்டாரத்தில், சொந்தங்களைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் விடாமல் கேட்டதனால்தான் 2018-இல் இந்த விசாரணையே அமைந்தது என்பது என்னை முதலில் நிறுத்தி யோசிக்க வைத்தது. முன்பு ஸ்காட்லாந்துச் சிறைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் ஸ்ட்ராங் அதற்குத் தலைமை தாங்கி, 2020 பிப்ரவரியில் 51 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கையை அளித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'நம்பிக்கையும் மரியாதையும்'. கட்டிலும் மருந்தும் ஆள்பலமும் பற்றிய அறிக்கைக்கு இப்படி ஒரு பெயரா என்று முதலில் தோன்றியது. படிக்கப் படிக்க, வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது என்று உணர்ந்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது இறுதி அறிக்கை அல்ல, அதற்குப் பின் வந்த கதைதான். பரிந்துரைகளை நிறைவேற்ற வேண்டிய நிர்வாகமே, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டது. அதே ஸ்ட்ராங் திரும்பவும் போய் நோயாளிகளையும் ஊழியர்களையும் கேட்டு, 2021 ஜூலையில் முன்னேற்ற அறிக்கை எழுதியபோது, அந்த மதிப்பெண்களில் சில உண்மை நிலையைவிடத் தாராளமாக இருந்தது தெரிய வந்தது. அதன் பிறகே ஸ்காட்லாந்து அரசு தனியாக ஒரு மேற்பார்வைக் குழுவை அமைத்தது. அக்குழு தன் இறுதி அறிக்கையை 2023 ஜனவரியில் தந்தது. பரிந்துரை எழுதியவர் திரும்பிப் போய்ப் பார்த்தார் என்ற அந்த ஒன்றை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நம் பக்கத்தில் அறிக்கை அரசிடம் அளிக்கப்பட்டது என்ற செய்தியோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்ற தை மாதத்தில் எங்களுக்கு நேர்ந்ததைத் தங்களிடம் இதுவரை சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் தம்பிக்கு ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையோடு, அதனால் வரும் கைநடுக்கத்துக்கும் விறைப்புக்கும் டிரைஹெக்சிபெனிடில் என்ற சிறு மாத்திரையும் தருவார்கள். அந்தச் சிறு மாத்திரை இருப்பு இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மருத்துவர் தனிச் சீட்டு எழுதித் தராததால் எந்த மருந்துக் கடையிலும் கொடுக்கவில்லை. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி வேட்டியில் சிந்திவிடும். பத்து நாள் பார்த்தான். பிறகு காபியே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நாற்பத்தெட்டு வயது ஆண்மகன், வெட்கத்தால் காபியை விட்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை போனபோது, பெயரைத் தேடுவதற்காக மேசைமேல் விரித்த பதிவேடு என் கண்ணில் பட்டது. தம்பியின் பெயருக்கு நேரே மூன்று மாதத்துக்கும் 'இல்லம் சென்று சந்திக்கப்பட்டது, நலம்' என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. எழுதிய பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ ஊர்களுக்கு அவர் ஒருவரே, பேருந்துக் காசும் தன் கையிலிருந்துதான். கட்டம் காலியாக இருந்தால் அவரைக் கேட்பார்கள், பொய்யாக நிரம்பியிருந்தால் கேட்க மாட்டார்கள் என்ற ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் மாண்ட செய்தியை நாம் சேர்ந்து படித்தது நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநில அரசும் விசாரணை ஆணையம் அமைத்தது. எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95-ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல்தான் நிறைவேறியது. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை அரசு மருத்துவ நிலையங்களில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லும் அந்த 'எந்நேரமும்' என்ற சொல்லுக்கும் எங்கள் தம்பியின் காபி டம்ளருக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க, ஆண்டுக்கு ஒரு முறையாவது நோயாளியையும் வீட்டாரையும் உட்கார வைத்துக் கேட்கும் வெளியாள் ஒருவர் வேண்டும். அவர் அந்தத் துறையிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது.

வரும் வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம். மாத்திரை கிடைக்காத நாள்களைத் தேதிவாரியாகக் குறித்து ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இல்லச் சந்திப்பு நடந்ததாக எழுதினால் அதன் கீழ் வீட்டார் கையொப்பம் பெற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். தங்கள் மகள் அங்கே செவிலியராக இருப்பதால் ஒன்றை விசாரித்து எழுதுங்கள்: குடும்பங்கள் சொன்னதை மேற்பார்வைக் குழு எந்த முறையில் பதிவு செய்தது, சொன்னவர்களுக்கு அதைத் திரும்பப் படித்துக் காட்டினார்களா என்று தெரிந்தால், என் மனுவில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்வேன்.

புதுச்சேரி திரும்பியதும் ஒரு நாள் இங்கு வர வேண்டும். தம்பி தங்களை நாள்தோறும் கேட்கிறான். இப்போது மாத்திரை கிடைக்கிறது. காலையில் காபி குடிக்கிறான்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்