அகிரா விளையாடப் போனது தப்பில்லை

அன்புள்ள கண்ணு,

நீ சொன்ன ஜப்பான் படத்தைப் பார்த்துவிட்டேன். ஹிரோகாசு கொரீடா 2004இல் எடுத்த ‘யாருக்கும் தெரியாது’. பாப்பாதான் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். தாங்க முடியவில்லை என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். போனில் நீ ‘சாப்பிட்டியாம்மா’ என்பதோடு முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாயை நீ ராட்சசி என்றாய். எனக்கும் கோபம்தான். ஆனாலும் அவள் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கிறாள், மகளுக்கு நகப்பூச்சு போட்டுவிடுகிறாள். அப்புறம் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அடிக்கிற தாயைவிட இப்படிப்பட்டவளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. தம்பி தங்கைகள் மூன்று பேரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்தவன், 12 வயது அகிரா தலையில்.

கடைக்குட்டி யூகி இறக்கிற இடத்தைவிட, புத்தாண்டு உறை வருகிற இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கே புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். அம்மா அனுப்பியதாகத் தம்பி தங்கைகளை நம்பவைக்க, உறைகளில் பெயர் எழுதித் தரும்படி கடைப் பெண்ணிடம் கேட்கிறான் அகிரா. தங்கை கியோகோ போன வருட உறையை எடுத்து வைத்துக் கையெழுத்தை ஒப்பிடுகிறாள். கண்டுபிடித்துவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டிலும் அப்படி ஒருத்தி உண்டு, நீ எதை மறைத்தாலும் அவளுக்குத் தெரியும்.

இது 1988இல் டோக்கியோவில் வெளியே தெரியவந்த ஒரு சம்பவத்தை வைத்து எடுத்ததாம். நிஜத்தில் நடந்தது இன்னும் கொடூரம். ஏறக்குறைய ஒரு வருஷம், பருவம் மாற மாறப் படம் பிடித்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பையன் நம் கண்ணெதிரே வளர்கிறான். அந்த வளர்த்திதான் மனதைப் பிசைகிறது. யூயா யாகிரா என்ற அந்தப் பையனுக்கு 14 வயதில் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது, அவன் பள்ளிப் பரீட்சைக்காக ஊர் திரும்பியிருந்தானாம். அதைப் படித்ததும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போலீஸிடம் சொல்லேன் என்று ஒரு பெண் சொல்லும்போது, சொன்னால் நாலு பேரையும் பிரித்துவிடுவார்கள் என்கிறான் அகிரா. யாரிடமும் எதுவும் கேட்காமல் பார்க் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து குடும்பம் நடத்துகிறான். ஒரே ஒரு நாள் அவனை பேஸ்பால் ஆடக் கூப்பிடுகிறார்கள். மட்டையைப் பிடித்ததும் முகம் அப்படி மலர்கிறது! வீட்டுக்கு வந்தால் யூகி ஸ்டூலிலிருந்து விழுந்து கிடக்கிறாள்.

இதைப் பார்க்கிற பலருக்கும், விளையாடப் போனதால்தானே இப்படி ஆயிற்று என்று தோன்றலாம். உனக்கும் தோன்றியிருக்கும், உன்னை எனக்குத் தெரியாதா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விட்டுவிட்டுப் போனவள் ஒருத்தி இருக்கும்போது, பந்து அடிக்கப் போன பிள்ளை மேல் எப்படிப் பழி போடுவது?

நண்பர்களோடு ஹம்பி போவதாக இருந்தாய். பாப்பா ஃபீஸுக்காக அதை விட்டுவிட்டாய் என்று அவளே சொல்லிவிட்டாள். சீட்டுப் பணம் வந்தது, இந்த செமஸ்டருக்கு நான் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் நீ பணம் அனுப்ப வேண்டாம், ஹம்பிக்குக் கிளம்பு. மீறி அனுப்பினால் அன்றைக்கே திருப்பிப் போட்டுவிடுவேன், ஜிபே எனக்கும் வரும்.

அம்மா