துணுக்குச் செய்திக்கும் ஆதாரம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சினிமா, புத்தகம், பொது அறிவு எல்லாம் கலந்து வரும் துணுக்குப் பகுதியை எங்கள் பக்கத்தில் தலையங்கத்துக்கு முன்பே படித்துவிடுகிறார்கள். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் பாறசாலையிலும் இருக்கும் பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தேர்வாணையத் தேர்வுக்கும் கேரள பி.எஸ்.சி.க்கும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். துணுக்கில் ஒரு வருடம் பிசகினால் அந்தப் பிசகு அப்படியே இரண்டு மாநிலத் தேர்வுக்கூடங்களுக்கும் போய்ச் சேரும். அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு துணுக்கின் முடிவிலும் அந்தச் செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரி போடுங்கள். அதில் வரும் தேதி எதன் தேதி என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் மாவட்டத்தோடு ஒட்டிய ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி.டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். கடைசிக் காலத்தை அங்கேயே கழித்து 1975இல் மறைந்தார். அவர் எடுத்த 'விகதகுமாரன்' பேசாப்படம் திருவனந்தபுரம் கேபிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது. பழைய நூல்கள் அந்த நாளை 1928 நவம்பர் 7 என்கின்றன. பின்னால் வந்த ஆய்வுகள் 1930 அக்டோபர் 23 என்கின்றன. படச்சுருள் இன்று இல்லை, எனவே படத்தைப் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. இந்த நிலையில் ஒரு துணுக்கு '1928' என்று மட்டும் அச்சிட்டால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 'முன்பு 1928 எனக் கருதப்பட்டது, 1930 என்போரும் உண்டு' என்று எழுத அரை வரி கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். அந்தப் படத்தின் நாயகி பி.கே.ரோசியைப் பற்றியும் அரை வரி சேர்க்கலாம். தலித் பெண் ஒருவர் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரையின் மீது கல் எறிந்தார்கள், அவர் ஊரை விட்டே போக நேர்ந்தது. கேரள அரசு 1992 முதல் வழங்கும் விருதுக்கு டேனியலின் பெயர் இருக்கிறது. ரோசியின் பெயரும் நோட்டுகளில் ஏற வேண்டும்.

ஆந்திர எல்லைப் பக்கத்தில் இதற்கு இணையான கதை ஒன்று உண்டு, அங்கே விடை கிடைத்துவிட்டது. எச்.எம்.ரெட்டி இயக்கிய தெலுங்கின் முதல் பேசும்படம் 'பக்த பிரகலாதா' 1931 செப்டம்பர் 15இல் வெளியானது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அதே ரெட்டி இயக்கிய தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' தென்னிந்தியப் பேசும்படங்களில் இரண்டாவதாகிவிடும், அது 1931 அக்டோபர் 31இல் வந்தது. ஆனால் பிரகலாதாவுக்குப் பம்பாயில் தணிக்கைச் சான்று கிடைத்தது 1932 ஜனவரி 22 என்றும், படம் வெளியானது பிப்ரவரி 6 என்றும் பிற்காலத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது தேடிய முறை. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. சான்று வாங்காத படத்தைக் கொட்டகையில் ஓட்ட முடியாது. ஆக, சான்றின் தேதிக்கு முன்னால் வெளியீட்டுத் தேதி இருந்தால் ஏதோ ஒன்று தவறு. எந்தப் படத்துக்கும் படப்பிடிப்பு முடிந்த நாள், சான்று பெற்ற நாள், முதல் ஊரில் வெளியான நாள், நம்மூருக்கு வந்த நாள் என்று நான்கு தேதிகள் உண்டு. துணுக்கு எழுதுகிறவர் இவற்றில் எதைச் சொல்கிறார் என்பது தெரிந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

படத்தின் நீளத்தைப் பற்றிய துணுக்குகளை வீட்டிலேயே சரிபார்க்கலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படச் சட்டங்கள். பேசும்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அதாவது நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். பழைய விளம்பர நோட்டீஸில் '18,000 அடி' என்றிருந்தால் படம் 200 நிமிடம். 'முப்பதாயிரம் அடி, இரண்டரை மணி நேரம்' என்று யாராவது எழுதினால் இரண்டில் ஒன்று பொய், ஏனென்றால் முப்பதாயிரம் அடி ஓடி முடிய ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தணிக்கைச் சான்றில் நீளம் மீட்டரில் இருந்தால் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் என்று வகுக்க வேண்டும். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம்.

பேசாப்படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. கையால் சுழற்றிய காலத்தில் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். நொடிக்கு 16 ஃபிரேம் என்று வைத்தால் ஆயிரம் அடி பதினாறரை நிமிடத்துக்கு மேல் வரும், 20 என்று வைத்தால் பதின்மூன்று நிமிடம் இருபது நொடிதான். ஆகவே பேசாப்படத்தின் நீளத்தை அடியில் மட்டும் சொல்வதே நேர்மை, நிமிடத்தில் சொன்னால் எந்த வேகத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு குழப்பம் தொலைக்காட்சியால் வருகிறது. நம் நாட்டில் இருந்துவந்த தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 ஃபிரேம் கொண்டது. 24இல் எடுத்த படத்தை 25இல் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். குறுந்தகட்டின் நேரத்தைப் பார்த்துவிட்டு 'ஆறு நிமிடக் காட்சியை வெட்டிவிட்டார்கள்' என்று எழுதுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். மறுவெளியீட்டுப் பிரதியில் உண்மையாகவே பாட்டை வெட்டியிருப்பதும் உண்டு. அதற்குத்தான் சான்றிலுள்ள நீளத்தை ஒப்பிட வேண்டும் என்கிறோம்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் கொல்லம் ஆண்டு எனும் மலையாள ஆண்டுக் கணக்கு. பழைய புத்தகத்தின் முகப்பிலும் நாடக நோட்டீஸிலும் பத்திரங்களிலும் அதுதான் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்றப் பலர் கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டிவிடுகிறார்கள். சரியான முறை இது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது மலையாளச் சிங்ஙத்தில் பிறக்கிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு 824 கூட்ட வேண்டும். தை முதல் ஆடி வரை 825. மார்கழிதான் வில்லங்கமான மாதம். அதன் நடுவில் ஜனவரி 1 வருவதால் ஏறக்குறைய முதல் பதினாறு நாளுக்கு 824, மீதிக்கு 825. சோதித்துப் பார்க்க நம் எல்லோருக்கும் தெரிந்த நாள் ஒன்று இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 கொல்லம் 1132 ஐப்பசி, 1132 உடன் 824 கூட்டினால் 1956.

மேலே சொன்ன விகதகுமாரனுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். 1928 நவம்பர் 7 கொல்லம் 1104 ஐப்பசியில் விழுகிறது, 1930 அக்டோபர் 23 விழுவது 1106 ஐப்பசியில். மாதம் ஒன்றே, ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் வேறு. 1104 ஐப்பசிக்கு 825 கூட்டிவிட்டால் 1929 என்று மூன்றாவதாக ஓர் ஆண்டு முளைக்கும், அதை யாருமே சொல்லவில்லை. வட மலபாரில் ஆண்டு கன்னி மாதத்தில்தான் பிறக்கும். கண்ணூர்ப் பக்கத்து ஏட்டில் சிங்ஙம் என்றிருந்தால் அது பழைய ஆண்டின் கடைசி மாதம், அதற்கு 825 கூட்ட வேண்டும். மாதப் பெயர்களையும் கவனிக்க வேண்டும். மலையாள மேடம் நம் சித்திரை, கன்னி நம் புரட்டாசி.

அறுபதாண்டுப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். 'துர்முகி வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1896–97ஆகவும் இருக்கலாம், 1956–57ஆகவும் இருக்கலாம், 2016–17ஆகவும் இருக்கலாம். காகிதம், அச்செழுத்து, விலை ஆகியவற்றைப் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். ஆந்திரப் பஞ்சாங்கத்திலும் அதே பெயர்கள்தான், ஆனால் அங்கே யுகாதியன்று ஆண்டு பிறந்துவிடும். யுகாதிக்கும் சித்திரை ஒன்றுக்கும் இடைப்பட்ட நாட்களில் சித்தூர்க்காரருக்குப் புது வருடம், வேலூர்க்காரருக்குப் பழைய வருடம்.

'பிறந்த மாநிலம்' துணுக்குகள் எல்லை மாவட்டங்களை மிகவும் பாடுபடுத்துகின்றன. 1888இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தோடு போய், 1953இல் ஆந்திரத்தில் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றில் 1956க்கு முன் பிறந்தவர்கள் திருவிதாங்கூரிலோ திருவிதாங்கூர்-கொச்சியிலோ பிறந்தவர்கள். இவற்றில் முதல் நான்குக்கு 'இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்றைய திருவிதாங்கூர்' என்று எழுதினால் இரு பக்கமும் ஏற்கும்.

புத்தகத் துணுக்குகளில் அடிக்கடி கலங்குவது அச்சு வரலாறு. 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' தமிழ்தான், ஆனால் எழுத்து ரோமன். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ஹென்ரிக்ஸ் பாதிரியார் வெளியிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. தரங்கம்பாடிக்கு அச்சகம் வந்தது 1712இல். மூன்றும் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள், ஒன்றின் பெருமையை இன்னொன்றுக்குத் தரக்கூடாது. தமிழ் எழுத்தில் அச்சான அந்த நூல் இன்று கேரளத்தில் இருக்கும் ஊரில் பிறந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர்.சுந்தரம் தயாரித்தது, மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் 1961இல் அதே நிறுவனத்திலிருந்துதான் வந்தது. இப்படி எல்லை தாண்டும் செய்திகளை எத்தனை போட்டாலும் நாங்கள் ஆவலோடு படிப்போம்.

பத்து இடங்களில் ஒரே தகவல் இருந்தால் அதைப் பத்துச் சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்துப் பிழையைப் பாருங்கள். ஒரே பெயர் பத்திலும் ஒரே மாதிரிப் பிழையாக இருந்தால் ஒன்பது பேர் ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் எதைப் பார்த்து எழுதினார் என்று போக வேண்டும். நாவல்களுக்குத் தொடராக வந்த ஆண்டையும் நூலான ஆண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மறுபதிப்பின் முகவுரைத் தேதியை முதற்பதிப்பின் ஆண்டாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை. சந்தேகம் வந்தால் சென்னை கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று.

வாசகர்கள் பழைய ஆதாரம் அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எப்படி அனுப்புவது என்றும் அச்சிடுங்கள். முகப்புப் பக்கம், அதன் பின்புறம், தகவல் உள்ள பக்கம் என மூன்று படம் வேண்டும். முகப்பின் பின்புறத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பதிப்பு விவரம் அங்கேதான் இருக்கும். ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் ஓரப் பக்க வெளிச்சத்தில் எடுத்தால் மங்கிய இலக்கமும் தெரியும். முதுகு இற்றுப்போன புத்தகத்தை மேசையில் அழுத்தி விரிக்கக் கூடாது. ஒரு பக்க அட்டைக்குத் தலையணை முட்டுக் கொடுத்துப் பாதியளவு திறந்தால் போதும். பழைய நோட்டீஸைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செல்லோ டேப் ஒட்டினால் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். வெள்ளைக் காகித உறைக்குள் மடிக்காமல் வைத்தால் போதுமானது.

இடம் போதாது என்று நீங்கள் சொல்லலாம். வாரம் பத்துத் துணுக்குக்குப் பதில் எட்டு போடுங்கள், மிச்சப்படும் இடத்தில் ஆதார வரிகள் அடங்கிவிடும். திருத்தம் வரும்போது அதைச் செய்திப் பக்கத்தின் ஒரு மூலையில் போடாமல், அடுத்த ஞாயிறு அதே துணுக்குக் கட்டத்தில், முதல் துணுக்காகப் போடுங்கள். நோட்டில் ஒட்டுகிற பிள்ளைகள் அந்தக் கட்டத்தைத்தான் வெட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.