யூதர்களின் செஸ் சாதனைக்கு ரத்தம் காரணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் யூதர்களின் செஸ் சாதனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உலக சாம்பியன்களில் இத்தனை பேர் யூதர்களாக இருப்பது ஏன் என்ற நல்ல கேள்வியை எழுப்பிய கட்டுரையாளர், அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டார். நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போதும் சனிக்கிழமை காலையில் அதே பள்ளி வராந்தாவில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் பேப்பரை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "சார், இது ரத்தத்துலயே வரணுமாம்ல. நம்ம புள்ளைக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் யானையைக் குறுக்கு வரிசையில் நிறுத்தி, எதிராளியின் ராஜாவை மேலே வரவிடாமல் தடுத்து டிரா வாங்கத் தெரிந்தவள். அவரிடம் வராந்தாவில் நின்றே சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை உங்கள் வாசகர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சாதனை பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1886இல் நடந்த முதல் அதிகாரப்பூர்வ உலக சாம்பியன் போட்டியில் ஜெயித்த வில்ஹெல்ம் ஸ்டெயினிட்ஸ் பிராக் நகரத்து யூதர். 1894இல் அவரை வீழ்த்திய எமானுவேல் லாஸ்கர், ஜெப ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல் பாடுபவரின் மகன். பட்டத்தை 1921 வரை, 27 வருஷம், கையில் வைத்திருந்தார். அப்புறம் போத்வின்னிக், தால். காஸ்பரோவுக்கு அப்பா யூதர், பாபி ஃபிஷருக்கு அம்மா. 1930இல் ஹாம்பர்க் ஒலிம்பியாடில் தங்கம் வாங்கிய போலந்து அணியின் ஐந்து பேரில் நான்கு பேர் யூத வம்சாவளியினர்.

இதற்கு ரத்தம்தான் காரணம் என்றால், ஏமனிலும் மொராக்கோவிலும் வாழ்ந்த யூதர்களிடமிருந்து ஏன் ஒரு லாஸ்கர் வரவில்லை? பக்கத்திலேயே கொச்சி இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அவர்களும் அதே வேதத்தைத்தான் படித்தார்கள். உலக அளவில் பெயர் வாங்கிய யூத ஆட்டக்காரர்களின் பிறந்த ஊர்களைத் தேடிப் பாருங்கள். வார்சா, லோட்ஸ், வியன்னா, புடாபெஸ்ட், பெர்லின், ரிகா, ஒடெஸா என்று மத்திய ஐரோப்பாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் சுற்றியே வரும். அதே ஊர்களில் அதே குடும்பங்கள் பல நூறு வருஷம் வாழ்ந்திருக்கின்றன. ஆனால் பெயர்கள் கொத்துக்கொத்தாக வரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இரண்டு தலைமுறைக்குள் ரத்தம் மாறாது. சட்டமும் பிழைப்பும் குடியிருக்கும் ஊரும் மாறும்.

அங்கே மாறியது இவைதான். ரஷ்யப் பேரரசில் 1791இலிருந்து 1917 வரை யூதர்கள் மேற்கு எல்லை மாகாணங்களுக்குள்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் இருந்தது. விதிவிலக்கு மிகச் சிலருக்குத்தான். 1882க்குப் பிறகு அந்த எல்லைக்குள்ளும் கிராமங்களில் புதிதாகக் குடியேறவோ நிலம் வாங்கவோ முடியாது. 1887இல் உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் யூதர்களுக்கு உச்சவரம்பு போட்டார்கள். அந்த மாகாணங்களுக்குள் 10 சதவீதம், வெளியே 5, பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் 3. இன்னொரு பக்கம் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 1867க்கும் 1871க்கும் இடையில் யூதர்களுக்குச் சம உரிமை கிடைத்து, இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்கு வந்தார்கள். ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியது, மறுபக்கம் நகரத்தின் கஃபேக்கள் திறந்திருந்தன. அங்கே ஒரு கோப்பை காப்பிக்குக் காசு இருந்தால் நாள் முழுக்கப் பலகையின் முன்னால் உட்காரலாம். செஸ் ஆட நிலம் வேண்டாம், மதச் சான்றிதழ் வேண்டாம், எதிராளியின் மொழிகூடத் தெரிய வேண்டாம். பெர்லினில் படிக்க வந்த லாஸ்கர், பந்தயத்துக்கு ஆடித்தான் செலவைச் சமாளித்தார்.

ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் செஸ்ஸில் ஜெயித்துவிடவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் படிப்பின் மேல் அந்தச் சமூகம் வைத்திருந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். யெஷிவா என்ற வேதப் பாடசாலைக்கு வெளியூரிலிருந்து வரும் ஏழைப் பையனுக்கு, திங்கள்கிழமை ஒரு வீட்டில் சாப்பாடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டில் என்று ஊரே முறைபோட்டுச் சோறு போட்டது. வயிற்றைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் அதைப் பெருமையாக நினைத்துச் செய்தார்கள். பாடம் நடப்பதும் இரண்டிரண்டு பேராக. எதிரெதிரே உட்கார்ந்து, தால்முத் என்ற யூத மதச் சட்ட நூலின் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, நீ இப்படிச் சொன்னால் நான் இப்படி மறுப்பேன் என்று சத்தமாக வாதாடுவார்கள். ஸ்தாவிஸ்கி என்ற சின்ன ஊரில் பிறந்த அகிபா ரூபின்ஸ்டீன் அப்படி ராபி, அதாவது யூத மதகுரு, ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு. செஸ் கற்றுக்கொண்டதே பதின்ம வயதில்தான். அப்புறம் லோட்ஸ் நகரத்துக்குப் போய்ப் பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடினார். 1912இல் ஒரே வருஷத்தில் ஐந்து பெரிய போட்டிகளில் ஜெயித்தார். 1914இல் லாஸ்கரோடு உலகப் பட்டத்துக்கு மோத வேண்டியவர், போர் மூண்டு அது நடக்காமலே போனது. யானைகள் மட்டும் மிஞ்சும் முடிவாட்டங்களில் அவர் காட்டிய பொறுமைக்கு நிகர் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ்காரரின் மகள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்த ஆட்டங்களைத்தான்.

ஆனால் எல்லாமே தால்முத்தால் வந்தது என்று சொல்வதும் பாதி உண்மைதான். போத்வின்னிக் தால்முத் படித்தவர் இல்லை. அப்பா பல் கட்டும் தொழில்நுட்பர்; வீட்டில் யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ் பேசவே கூடாது என்று சொல்லியிருந்தவர். மகன் 12 வயதில் செஸ் கற்றான். 1925இல் 14 வயதில், ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய உலக சாம்பியன் காபபிளாங்காவைத் தோற்கடித்தான். சோவியத் அரசு செஸ்ஸை மக்கள் இயக்கமாக்கி, தொழிற்சங்கத்திலும் 'முன்னோடிகள்' என்ற சிறுவர் அமைப்பின் மாளிகையிலும் இலவசமாகக் கற்றுக்கொடுத்த காலம் அது. நகரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த யூதக் குடும்பங்கள் ஏராளம். வாய்ப்பு வந்ததும் பற்றிக்கொண்டார்கள்.

அதே நாட்டில்தான் அடையாள ஆவணத்தின் ஐந்தாவது வரியில் 'யூதர்' என்று எழுதியிருந்தது. 1970களில் மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வாய்மொழி நுழைவுத் தேர்வில், யூதப் பிள்ளைகளைக் கழித்துக்கட்டுவதற்கென்றே தனியாகக் கேள்விகள் வைத்திருந்தார்கள். விடை ஒரு வரியில் இருக்கும். கொடுத்த நேரத்தில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பிற்பாடு வெளிவந்த அந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நாற்பது வருஷம் கணக்கு நடத்தியவனுக்கு வயிறு எரிந்தது. செஸ்ஸிலும் பாகுபாடு இல்லாமல் இல்லை. வெயின்ஸ்டீன் என்ற குடும்பப் பெயரோடு பிறந்த காஸ்பரோவ், அம்மாவின் குடும்பப் பெயருக்கு மாறித்தான் ஆடினார். ஆனாலும் பலகையில் செக்மேட் வைத்துவிட்டால் அதை எந்தத் தேர்வாளரும் அழித்து எழுத முடியாது. திறமையுள்ள யூதப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்க்கவில்லை.

கட்டுரையாளர் பாராட்டாகத்தான் எழுதினார் என்று தெரியும். ஆனால் ரத்தத்தை வைத்துச் செஸ்ஸை அளக்கும் பேச்சு ஏற்கெனவே ஒருமுறை அச்சாகியிருக்கிறது. 1941இல், ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பாரிஸில், உலக சாம்பியன் அலெகைன் பெயரில் ஒரு கட்டுரைத் தொடர் வந்தது. ஆரியனின் செஸ் வீரம் நிறைந்தது, யூதனின் செஸ் கோழைத்தனமான தற்காப்பு என்பது அதன் சாரம். போர் முடிந்ததும் தாம் அப்படி எழுதவில்லை என்று அலெகைன் மறுத்தார். அந்த 1941இல்தான் ரிகா நகரத்தின் ஒரு யூத மருத்துவர் குடும்பம் ஜெர்மன் படைக்குத் தப்பி ரஷ்யாவின் உள்பகுதிக்கு ஓடியது. அந்த வீட்டுக் குழந்தை மிகைல் தால். 1960இல் 23 வயதில் உலகப் பட்டம் வாங்கினார். ஒன்றன்பின் ஒன்றாகக் காய்களைப் பலிகொடுத்துத் தாக்குவதில் அவரைப் போல ஒருவரை உலகம் பார்த்ததில்லை.

ஹாம்பர்க்கில் தங்கம் வாங்கினார்கள் என்று சொன்னேனே, அந்த அணியில் ஒருவர் தாவித் ப்ஷெபியூர்கா. 1940 ஜனவரியில் வார்சாவில் செஸ் ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு கஃபேயில் நாஜிகள் அவரைப் பிடித்தார்கள். அந்த வருஷமே பால்மிரி காட்டில் சுட்டுக் கொன்றார்கள். லாஸ்கர் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்; சொத்து பறிபோனது. 1935இல் மாஸ்கோ போட்டியில் 66 வயதில் மூன்றாம் இடம் பிடித்தார். காபபிளாங்கா அவருக்குப் பின்னால்தான். கணக்கு வாத்தியாராக இன்னொன்றையும் சொல்ல ஆசை. 1905இல் லாஸ்கர் நிறுவிய தேற்றம் ஒன்றை 1921இல் எம்மி நோதர் என்ற கணித அறிஞர் விரிவுபடுத்தினார். இன்றும் இயற்கணித மாணவர்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே படிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைக்கவே இல்லை.

மிகேல் நஜ்தோர்ஃப் கதை இன்னும் கொடுமை. 1939 ஆகஸ்டில் போலந்து அணியோடு ஒலிம்பியாடுக்காக பூனோஸ் ஐரிஸ் போனார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தான். நஜ்தோர்ஃப் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். ஊரில் விட்டுவந்த மனைவி, குழந்தை, பெற்றோர், உடன்பிறந்தவர்கள் பற்றி ஒரு தகவலும் இல்லை. 1943இல் ரொசாரியோ நகரில் பலகையைப் பார்க்காமலே 40 பேரோடு ஒரே நேரத்தில் ஆடினார். ஐரோப்பியப் பத்திரிகைகளில் செய்தி வரும், வீட்டார் யாராவது படித்துத் தொடர்புகொள்வார்கள் என்று நம்பித்தான் ஆடியதாகப் பிற்பாடு சொன்னார். 1947இல் சாவோ பாலோவில் 45 பேர். 23 மணி நேரத்துக்கு மேல் நடந்தது. 39 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. ஆனால் அவர் காத்திருந்த குடும்பம் நாஜிகள் கையில் அழிந்துபோயிருந்தது. இந்த மனிதர் பட்ட பாட்டையெல்லாம் 'ரத்தம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியுமா?

சூழல்தான் காரணம் என்பதற்கு இன்றைய நிலையே சாட்சி. சோவியத் கலைந்து, லட்சக்கணக்கான யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். அவர்களோடு வந்த ஆட்டக்காரர்களின் பலத்தில் 2008 ஒலிம்பியாடில் வெள்ளியும் 2010இல் வெண்கலமும் இஸ்ரேலுக்குக் கிடைத்தன. பீர்ஷெபா என்ற பாலைவன நகரத்தில், லெனின்கிராடிலிருந்து வந்த எலியாஹு லெவன்ட் 1973இல் தொடங்கிய கிளப்பிலிருந்து கிராண்ட்மாஸ்டர்கள் வந்தார்கள். ஆனால் இப்போது உலகின் உச்சியில் அந்தப் பழைய கூட்டம் இல்லை. மருத்துவம், மென்பொருள், ஆராய்ச்சி என்று எல்லாக் கதவும் திறந்த இடத்தில் வளரும் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போகிறார்கள்.

அந்த யூதச் செஸ் மரபின் ஒரு கண்ணி நம்மிடமும் இருக்கிறது. 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் செஸ் மாஸ்டர் மானுவேல் ஆரோன் தொடங்கிய கிளப்புக்கு மிகைல் தால் பெயரைத்தான் வைத்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடி வளர்ந்த இடம் அது. 2012இல் மாஸ்கோவில் ஆனந்த் தன் உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டது, மின்ஸ்கில் பிறந்து இஸ்ரேலுக்குப் போன போரிஸ் கெல்ஃபாண்டிடமிருந்து. 6-6 என்று சமனாகி, டைபிரேக் என்ற கூடுதல் ஆட்டங்களில் முடிந்த போட்டி. 2020 ஜனவரியில் அதே கெல்ஃபாண்ட் சென்னைக்கு வந்து நம் இளம் கிராண்ட்மாஸ்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் யூத உலக சாம்பியன்கள் என்ற பட்டியலில் காபபிளாங்காவையும் அலெகைனையும் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டு பேருமே யூதர்கள் அல்லர். காபபிளாங்கா ஹவானாவில் பிறந்த ஸ்பானிய வம்சாவளிக் கியூபர். அலெகைன் மாஸ்கோவின் வசதியான ரஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த 1941 கட்டுரைகள் யார் பெயரில் வந்தனவோ, அவரையே இந்தப் பட்டியலில் சேர்த்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், வாசகர் கண்ணில் படும்படி திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
சாத்தூர்.