அடுத்த வீட்டு மருமகள்

வண்டிப்பெரியாறு,
ஞாயிறு

அன்புத் தோழிக்கு,

கம்பத்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் லயத்து (எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலிலேயே நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாதத்து வாந்திக்குப் பயப்படாதே. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடக் கொடு.

இங்கே அடுத்த வீட்டு மருமகளுக்கு ஆறாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே சோகை. "மாத்திரையைத் தவறாமல் போடுறேனே அக்கா" என்று அழுதாள். சரி, பார்ப்போம் என்று ஒருநாள் விடியற்காலையில் அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்க, நேரமாகிவிட்டது என்ற அவசரம். ஒரு கையில் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, மறு கையில் பால் விடாத கட்டன் சாயா. ஒரே மடக்கு! தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை. இப்போது ராத்திரிச் சோற்றுக்கு அப்புறம், எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறாள். சாயா அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போதான். கால்சியம் மாத்திரையும் தனி வேளையில்.

ஆனால் மாத்திரை சோறாகுமா? அந்த வீட்டில் மாமனார், புருஷன், பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டு வைப்பாள். அதற்குள் சட்டியில் மீன் தீர்ந்திருக்கும். மரவள்ளிக்கிழங்கும் குழம்பும்தான் மிச்சம். மாமியார் கெட்டவர் இல்லை. நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷனில் முடியும் என்று அவருடைய அம்மா சொன்னதை நம்புகிறார், அவ்வளவுதான். அதனால் மருமகளை விட்டுவிட்டு மாமியாரிடமே பேசினேன். தாய்க்குச் சத்தில்லாவிட்டால் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கலாம், பிறந்ததும் காய்ச்சல் சளியைத் தாங்காது என்றேன். மறுநாள் முட்டையை அவரே உரித்து அவள் தட்டில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று. உன் சின்னவளுக்குக் கல்யாணம் பேசுகிறாய் அல்லவா? பிள்ளைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலம் போடச் சொல். கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய் முதல் 28 நாளிலேயே உருவாகி மூடிவிடும்; அது சரியாக மூடத்தான் அந்த மாத்திரை. அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

குமுளி பஸ்ஸில் யாராவது வந்தால் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்து அனுப்பு. அதிலுள்ள கால்சியத்தில் முப்பதில் ஒரு பங்குகூட ரேஷன் அரிசியில் இல்லை. முருங்கைக்கீரையும் ஒரு கட்டு வை. என் வாசலில் வைத்த கொம்பு இந்தக் குளிருக்குத் தழையவில்லை. அடுத்த வீட்டு மருமகளுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை 20-ஆம் தேதி. அன்று ராத்திரியே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி