நிலத்தடிச் சரக்குப் பாதைக்குச் சரியான கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைகளில் லாரி நெரிசலைக் குறைக்கச் சரக்கை நிலத்தடியில் கொண்டு செல்லலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம், 'செலவு கட்டுப்படியாகாது' என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இது வெறும் கற்பனைத் திட்டமன்று. சிகாகோ வீதிகளுக்கு ஏறத்தாழ 40 அடி ஆழத்தில், சுமார் 60 மைல் நீளத்துக்கு, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சிறு மின்சார ரயில்கள் 1959 வரை ஓடின. பெரிய கட்டடங்களின் நிலவறைக்கே நிலக்கரியைக் கொண்டு சேர்த்த அவை, எரிந்த சாம்பலையும் அங்கிருந்தே ஏற்றிச் சென்றன; இரண்டுக்கும் தெருவில் வண்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. லண்டனில் 1927 முதல் 2003 வரை, ஓட்டுநரே இல்லாத தபால் ரயில் ஓடியது. அதன் நிலையங்களைப் பாதையைவிட மேட்டில் அமைத்திருந்தார்கள். வரும் ரயில் ஏற்றத்தில் வேகம் தணியும், புறப்படும் ரயிலை இறக்கமே உந்திவிடும். இவ்வளவு நுட்பமாகக் கட்டியவற்றை மூட வைத்தது, சாலை வழியே அனுப்புவது மலிவு என்ற கணக்குதான்.

அந்த மலிவில் பாதி உண்மைதான் இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் வகுத்த விதிப்படி, வண்டியின் ஒரு சக்கர அச்சின் மீதுள்ள பளு இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. இது தோராயமான விதியே என்றாலும், கனரக லாரிக்கும் காருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த இது போதும். அந்தச் சேதமும், நெரிசலில் மற்றவர்கள் இழக்கும் நேரமும், புகையும் லாரி வாடகையில் முழுமையாக ஏறுவதில்லை. சுரங்கம் அமைப்பவரோ தம் பாதையின் ஒவ்வொரு மீட்டருக்கும் தாமே பணம் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தில் நிலத்தடிச் சரக்குப் போக்குவரத்துக்கென்றே 2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தும், கட்டுமானச் செலவைத் தனியாரே ஏற்க வேண்டும் என்பதே அந்நாட்டு அரசின் நிலைப்பாடு. சாலைக்குப் பொதுப்பணம், சுரங்கத்துக்குச் சொந்தப்பணம் என்றால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

எல்லாச் சரக்கையும் கீழே இறக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சுரங்கத்தின் விட்டத்தை இரட்டித்தால் தோண்ட வேண்டிய மண் நான்கு மடங்காகும். ஆகவே முழு கன்டெய்னரையும் அனுப்ப ஆசைப்பட்டால் திட்டம் செலவிலேயே மூழ்கிவிடும். ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் ஒரு வண்டிக்கு இரண்டு பேலட் (சரக்கை அடுக்கி வைக்கும் தட்டு) என்ற அளவோடு நின்றதை நான் விவேகமாகவே பார்க்கிறேன். கடைகளுக்கு நாள்தோறும் போகும் பெட்டிச் சரக்குக்கு அந்த அளவு போதும். நகர விளிம்பில் சரக்கை மாற்றி ஏற்றுவதற்கான நிலத்தை மட்டும் இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும்.

எனவே, சரக்கு லாரிகளுக்காக ஒரு சாலையை அகலப்படுத்தவோ மேம்பாலம் கட்டவோ முடிவெடுக்கும் முன், அதன் 30 ஆண்டுப் பராமரிப்புச் செலவையும், அதே சரக்கை நிலத்தடியில் அனுப்ப ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுமாறு திட்ட அதிகாரிகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்