ஸ்லிக்ஸ்எம்பிபி எழுதியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

பைத்தானில் உடனடிச் செய்தி அனுப்பவும் வாங்கவும் உதவும் ஸ்லிக்ஸ்எம்பிபி நிரலகத்தை எழுதியவர்கள், பிழை திருத்தியவர்கள், ஆவணம் எழுதியவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் புத்தகங்களைச் சுற்றுக்கு விடுகிறோம். ஒருவர் திருப்பிக் கொடுத்ததும், அடுத்துக் காத்திருப்பவருக்குத் தானாகத் தகவல் போக வேண்டும். அதற்கு ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் நிரல்) எழுத உட்கார்ந்தேன். உங்கள் நிரலகம் பேசும் உடனடிச் செய்தி நெறிமுறையான எக்ஸ்எம்பிபி என்றால் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் துண்டுகள் போய்வருவதுதானே, நானே சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பை) நேரடியாகத் திறந்து படித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் சோதித்தவரை எல்லாம் சரி. தமிழில் பதில்கள் வரத் தொடங்கியதும் ‘புத்தகம்’ என்ற சொல்லின் நடுவே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிகள் முளைத்தன. அதுவும் எப்போதும் இல்லை, நீளமான செய்திகளில், சில சமயம் மட்டும்.

இரண்டு ராத்திரி போனது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட் வேண்டும், ‘பு’வுக்கு 6. நெட்வொர்க்கில் செய்தி துண்டு துண்டாக வரும்போது, ஓர் எழுத்தின் 2 பைட் இந்தத் துண்டிலும் மீதி ஒன்று அடுத்ததிலும் வந்துவிடலாம். நான் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் உங்கள் மூலக் கோடைத் திறந்து பார்த்தேன். வருகிற பைட்டுகளை அப்படியே எக்ஸ்எம்எல்லைப் பிரித்துப் படிக்கும் பார்சரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். மீதி வரும்வரை அது காத்திருக்கிறது. என் நூறு வரிகளை அழித்துவிட்டு உங்கள் நிரலகத்துக்கு மாறினேன். அன்றிலிருந்து ஓர் எழுத்தும் உடையவில்லை.

ஆவணம் எழுதியவர்களுக்குத் தனி நன்றி. வந்த செய்தியையே திருப்பி அனுப்பும் அந்தச் சின்ன எடுத்துக்காட்டு பாட் எவ்வளவு சொல்லித்தருகிறது! இணைந்தவுடன் ‘நான் வந்துவிட்டேன்’ என்று பிரசன்ஸ் (இருப்பு அறிவிப்பு) அனுப்பாவிட்டால் செய்திகள் வந்து சேராது என்பதையும், செய்தியின் வகையைப் பார்க்காமல் பதில் அனுப்பக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன்.

எங்கள் பாட் ஓடுவது பழைய லேப்டாப்பில், மொபைல் டேட்டாவில். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும், நடுவில் அனுப்பியது காணாமல் போகும். எக்ஸ்எம்பிபியின் 0198ஆம் நீட்டிப்புக்கான பிளகினை (கூடுதல் நிரல்துண்டை) ஒரே வரியில் சேர்த்தேன். எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று சர்வரும் பாட்டும் எண்ணிக்கை வைத்துக்கொண்டு, இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. இதையெல்லாம் ஒருவர் பொறுமையாக எழுதிச் சோதித்து, யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் மனசு நிறைகிறது.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்களையும் வணங்குகிறேன். ஜெரெமி மில்லர் 1999 ஜனவரியில், எக்ஸ்எம்பிபிக்கு மூலமான ஜாபரை அறிவிக்காவிட்டால் இந்த நெறிமுறையே இல்லை. உங்கள் நிரலகத்துக்கு முன்னோடியான ஸ்லீக்எக்ஸ்எம்பிபியை எழுதியவர்கள் போட்ட அடித்தளத்தை எடுத்து, த்ரெட்களை (இணையாக ஓடும் நிரல் இழைகளை) விலக்கி, ஒரே இழையில் பல வேலைகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும் பைத்தானின் அசிங்க்ஐஓவுக்கு மாற்றியது நீங்கள். பெயர் வாங்கித் தராத வேலை அது. ஆனால் எங்கள் பாட் அந்தச் சின்ன லேப்டாப்பில் மூச்சுத் திணறாமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது பாட்டைக் கவனித்துக்கொள்வது வட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவி. அவரும் உங்கள் எடுத்துக்காட்டிலிருந்துதான் தொடங்கினார். போன வாரம் அவர் சேர்த்த புதிய வசதி அனுப்பிய முதல் செய்தி: “நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது. சனிக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்.”

அன்புடன்,
வாசகர் வட்டத்திலிருந்து ஒருவன்