வாசல் படிக்கு ஒரு கைப்பிடி

திருவெறும்பூர்,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்தது, கிணற்றடி வேப்பமரம் சாய்ந்தது எல்லாம் படித்தேன். ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அம்மா வாசல் படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறார், போன வாரம் கால் வழுக்கிவிட்டது என்று, அதைத்தான் நாலைந்து தடவை படித்தேன். அந்தப் படியில் உட்கார்ந்து அம்மா கையால் நான் எத்தனை தட்டுச் சோறு சாப்பிட்டிருப்பேன்! அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி நான் செய்து தருகிறேன். கடைக்காரரிடம் சொல்லிவிடாதே. எனக்குச் சில அளவுகள் வேண்டும், அதைக் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியாருக்கு இரும்பு வேலை எப்படி வந்தது என்று நீ யோசிப்பாய். ஓய்வு பெற்ற பிறகு கார் ஷெட் காலியாகத்தான் கிடந்தது. காரை மகன் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டான். இந்த ஊரில் முப்பது வருஷம் குடியிருந்தவன் வெல்டிங் பக்கம் திரும்பாமல் இருப்பதுதான் ஆச்சரியம். பெல் (BHEL) நிறுவனத்தின் பாய்லர் ஆலை இங்கே இருக்கிறது. அதற்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் துவாக்குடி வரைக்கும் இருக்கின்றன. 1975-லேயே வெல்டிங்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தை இங்கே ஆரம்பித்தார்கள். என்னிடம் படித்த பையன்களில் பாதிப் பேருக்கு அப்பா வெல்டர் அல்லது ஃபிட்டர். ஆனாலும் பணியில் இருந்தவரை, பற்றவைக்கிற கம்பியான ராடு ஒன்றைக்கூட நான் கையில் எடுத்ததில்லை.

போன வருஷம் ஒற்றை பேஸில் ஓடுகிற 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இதை ஒரு கையில் தூக்கிவிடலாம். கூடவே நாலு அங்குல கிரைண்டர், சிப்பிங் சுத்தி, வயர் பிரஷ், மூலைமட்டம், நாலு சி கிளாம்ப், தானாக இருட்டாகும் கண்ணாடி வைத்த ஹெல்மெட். இவ்வளவுதான் என் பட்டறை.

முதலில் செய்தது பின்கட்டுக்கு ஒரு சின்னக் கதவு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. ஐந்தடிக்கு நாலடி, ஓர் அங்குல ஸ்கொயர் பைப். கணக்கு வாத்தியார் இல்லையா, அளவெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டினேன். நாலு மூலையையும் 90 டிகிரிக்கு வைத்தேன். முதல் மூலையை முழுக்கப் பற்றவைத்தேன். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று சுற்றி வந்தேன். ஆறியதும் டேப் பிடித்தால் ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட 9 மி.மீ. கூடுதல். தரையில் படுக்க வைத்தால் ஒரு மூலை விரல் தடிமனுக்கு மேலே நிற்கிறது. எங்கே தப்பு என்று இரவு முழுக்க யோசித்தேன். அளவில் தப்பே இல்லை.

பக்கத்துத் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். உயர் அழுத்த பாய்லர் குழாய்களைப் பற்றவைத்தே ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவரைக் கூட்டிவந்தேன். கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், வெல்டிங் பண்ற எடத்துல இரும்பு உருகி ஆறும். ஆறும்போது சுருங்கும். சுருங்குறப்ப பக்கத்துல இருக்கிறதை எல்லாம் இழுக்கும். நீங்க ஒரு மூலைய முழுசா இழுக்க விட்டுட்டு அடுத்த மூலைக்குப் போயிட்டீங்க" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? நம் கடைத்தெரு முனையில் இருந்த வண்டிப்பட்டறை. சக்கரத்துக்குப் பட்டா போடும் நாள் என்றால் பள்ளிக்கூடம் விட்டதும் நாம் ஓடுவோமே! மரச்சக்கரத்தைவிட ஒரு பிடி சின்னதாக இரும்பு வளையம் செய்து வைத்திருப்பார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கி அதில் வளையத்தைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். நாலு பேர் இடுக்கியால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்கியதும் மரம் கருகிப் புகை கிளம்பும். உடனே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். வளையம் ஆற ஆற ஆரக்கால்களும் வட்டையும் குடமும் நெறுநெறுவென்று இறுகும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓர் ஆணிகூட இல்லாமல் மொத்தச் சக்கரத்தையும் அந்த ஒரு சுருக்கம் பிடித்து வைத்தது.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.2 மி.மீ. நீளும். ஐந்தடி விட்டச் சக்கரத்துக்குச் சுற்றளவு 4.8 மீட்டர். 500 டிகிரி ஏறினாலே வளையத்தின் சுற்றளவு 3 செ.மீ. பக்கம் கூடிவிடும். அந்த ஆசாரி தாளில் எழுதிக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. வளையத்தை எவ்வளவு சின்னதாக வளைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. எட்டாம் வகுப்பில் வெப்பத்தால் விரிவடைதல் பாடத்தை நானே இருபது வருஷம் நடத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பட்டறையைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அண்ணன் சொன்னபடி கதவை வெட்டிப் பிரித்து மறுபடி சேர்த்தேன். இந்தத் தடவை நாலு மூலையிலும் முதலில் டேக் மட்டும் வைத்தேன், நகராமல் பிடித்துவைக்க மிளகளவுக்கு ஒரு பொட்டு. மூலைவிட்டம் இரண்டையும் அளந்தேன். 2 மி.மீ. வித்தியாசம் இருந்தது, தட்டிச் சரிசெய்தேன். பிறகு மறுபக்கமும் டேக். மறுபடி அளவு. அதற்குப் பிறகுதான் பற்றவைப்பு, அதுவும் ஒரு மூலையில் கொஞ்சம், உடனே அதற்கு எதிர்மூலையில் கொஞ்சம். இழுப்பு இழுப்போடு சண்டை போட்டுச் சமனாகிவிடுகிறது. ஒரு மூலையில் கை வைத்துப் பார்த்துச் சூடு தணிந்த பிறகுதான் அங்கே திரும்பி வருவேன். கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது.

அண்ணன் ஒன்று சொல்வார்: வேலையில் முக்கால் பங்கு ராடு பற்றுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். துரு, பெயின்ட், எண்ணெய் மூன்றையும் தேய்த்து எடுத்துப் பளபளவென்று இரும்பு தெரிகிற வரைக்கும் ராடு மாட்டும் ஹோல்டரை அவர் தொட விடமாட்டார். அவர்கள் போட்ட ஜாயிண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். உள்ளே ஒரு கடுகளவு கசடு சிக்கியிருந்தாலும் படத்தில் கரும்புள்ளியாக நிற்கும், வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும். என் கதவை யாரும் எக்ஸ்ரே எடுக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தக் கண் எனக்கும் வரவேண்டும் என்று ஆசை.

ராடு பற்றி உனக்கு ஒரு செய்தி. நான் பயன்படுத்துவது 6013 ராடு, 2.5 மி.மீ., 70 ஆம்பியருக்கு மேலே கொஞ்சம். கம்பிக்கு மேல் பூசியிருக்கும் பூச்சு எரிந்து வாயுவாகி உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்கிறது. மிச்சம் கசடாக மேலே படர்ந்து, ஆறும்வரை போர்வை மாதிரி காக்கிறது. இந்தப் பூச்சை நூறு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தவர் சுவீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெர்க். கப்பல் பாய்லர்களைச் சரிசெய்யும் வேலையில்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். பாய்லர் ஊரில் உட்கார்ந்து அதைப் படித்தபோது மனசுக்கு மிகவும் பிடித்திருந்தது. நன்றாகப் போட்ட வரிசையில் கசடு தானாகவே வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். அப்படி முதல் தடவை உரிந்த அன்று என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ கவலைப்படுவாய். இரண்டு தடவை பட்டுவிட்டது. முதல் தடவை, பட்டறை ஒன்றில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். வெளிச்சத்தை நேராகப் பார்க்கவே இல்லை. ஆனால் நடு இரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி. விழியின் மேல்தோல் வெந்துவிடுகிறது, உடனே தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஊரில் தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்பார்கள். நான் கண் டாக்டரிடம்தான் போனேன், இரண்டு நாளில் சரியானது. இப்போது யார் வேலை செய்தாலும் கண்ணாடி இல்லாமல் அந்தப் பக்கமே போவதில்லை.

இரண்டாவது தடவைதான் உன் கைப்பிடியோடு சம்பந்தப்பட்டது. பழைய ஜிஐ பைப் கொஞ்சம் கிடந்தது, செடி வைக்க ஸ்டாண்டு செய்யலாம் என்று அப்படியே பற்றவைத்தேன், ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு. மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளையாகப் புகை, பஞ்சு மாதிரி மிதந்தது. அன்று இரவு குளிர் நடுங்கிக் காய்ச்சல், வாயெல்லாம் இரும்பு ருசி. காலையில் அண்ணன் கேட்டதும் புரிந்துகொண்டார். ஜிஐ பைப்புக்கு மேல் இருப்பது துத்தநாகம். 907 டிகிரியிலேயே அது ஆவியாகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் வேண்டும். அப்படியானால் இரும்பு உருகுவதற்கு முன்னாலேயே துத்தநாகம் புகையாகி நம் நெஞ்சுக்குள் போகிறது. ஒரு நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, முகத்துக்கு வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டுக்கொண்டுதான் இனிமேல்.

மற்றபடி ஷெட்டில் ஸ்கூட்டர் நிறுத்துவதில்லை. பொறி 35 அடி வரை தெறிக்கும் என்கிறார்கள். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், எங்கேயாவது கனன்றுகொண்டிருந்தால் தெரிந்துவிடும். கிரைண்டர் சக்கரத்தை மூடியிருக்கும் தடுப்பை எதற்காகவும் கழற்றுவதில்லை. பருத்திச் சட்டை, தோல் ஷூ.

இப்போது அம்மாவின் கைப்பிடி. உங்கள் வீடு கடலுக்குப் பக்கம். நாகப்பட்டினத்து உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது, பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போடலாம், ஆனால் அதைச் சுத்தமாகச் சேர்க்க ஆர்கான் வெல்டிங் வேண்டும், என்னிடம் அது இல்லை. அதனால் ஜிஐ பைப்தான் எடுக்கப்போகிறேன். சேர்க்கும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியே வைத்துப் பற்றவைத்து, பிறகு அந்த இடத்துக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கோட், மேலே எபாக்சி பெயின்ட். பைப் வாயைத் தகடு வைத்து அடைத்துவிடுவேன், உள்ளே மழைத் தண்ணீர் இறங்காது.

பைப் ஓர் அங்குலம் போதும். பெயர்தான் ஓர் அங்குலம், வெளிவிட்டம் 34 மி.மீ. பக்கம் வரும். அம்மாவின் விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்க அது சரியாக இருக்கும். கடைகளில் அழகுக்கென்று இரண்டங்குலத்தில் போடுகிறார்கள், அதை உள்ளங்கையால் தொடத்தான் முடியுமே தவிரத் தடுமாறும்போது பிடிக்க முடியாது. கடைசிப் படியோடு நிறுத்தாமல் ஒரு அடி தள்ளி நீட்டுவேன். இறங்கி முடித்துத் தரையில் இரண்டு காலும் ஊன்றிய பிறகுதான் கை விட வேண்டும். நுனியைச் சுவர்ப்பக்கம் வளைத்துவிடுகிறேன், முந்தானை மாட்டாது.

நீ அளந்து எழுத வேண்டியவை: எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம். எல்லாப் படியையும் தனித்தனியாக அள, பழைய வீட்டில் ஒன்று போல ஒன்று இருக்காது. மேல்படி விளிம்பிலிருந்து கீழ்ப்படி விளிம்புவரை சாய்வாக ஒரு கயிறு பிடித்து அந்த நீளமும் வேண்டும். படி கருங்கல்லா, செங்கல் கட்டி மேலே பூசியதா என்று ஒரு மூலையைச் சுரண்டிப் பார். கருங்கல் என்றால் துளை போட்டு போல்ட் இறக்கலாம். செங்கல் என்றால் போல்ட் பிடிக்காது, பக்கத்தில் ஒரு அடி குழி தோண்டி கான்கிரீட்டில் கால் நட வேண்டும். அப்படியானால் நான் இரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும்.

அப்புறம், அம்மாவைச் செருப்புப் போட்டுக்கொண்டு நேராக நிற்கச் சொல்லி, பிடிக்க வசதியாகக் கையை எங்கே வைக்கிறார் என்று பார்த்துச் சுவரில் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து அதை அள. பொதுவாக 90 செ.மீ. வைப்பார்கள், ஆனால் அம்மா குள்ளம், அவர் உயரத்துக்குத்தான் செய்ய வேண்டும். எந்தக் கை அவருக்குப் பலமான கை என்றும் கேட்டு எழுது. இறங்கும்போது கைப்பிடி அந்தப் பக்கம் வர வேண்டும்.

இந்த வாரமே எழுதிவிடு. அதுவரை படியில் பாசி பிடிக்காமல் தேய்த்து வைக்கச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்